ஹாரி ஹோல் சீரிஸ எந்தப் புக்குல ஆரம்பிக்கலாம்? நாலு வழி, நாலுலயும் என்ன லாபம், என்ன நஷ்டம்

நார்வே எழுத்தாளர் ஜோ நெஸ்போவோட ஹாரி ஹோல் நாவல்கள், அதாவது ஹாரிங்கற ஆஸ்லோ போலீஸ் டிடெக்டிவ் வர்ற க்ரைம் கதைகள், படிக்கணும்னு ஆசைப்படறவங்க நிறைய பேரு முதல் பக்கத்தத் திருப்பறதுக்கு முன்னாடியே நின்னுடறாங்க. மொத்தம் 13 புக்கு, 1997ல 'தி பேட்'ல ஆரம்பிச்சு 2022ல நார்வேல வெளிவந்த 'கில்லிங் மூன்' வரைக்கும். கடைல கண்ணுல படறது ஏழாவது புக்கு, படிச்சு முடிச்சவங்க சொல்றது மூணாவது புக்கு, நம்ம மனசு கேக்கறது ஒண்ணாவது புக்கு. எதை எடுக்கறதுன்னு என்கிட்ட கேட்டவங்க நிறைய, ஒவ்வொருத்தருக்கும் துண்டு துண்டா பதில் சொல்லிட்டு இருந்தேன், மொத்தமா எழுதிட்டா நல்லதுன்னு தோணுச்சு. யார் கொலகாரன், யார் சாகறாங்க, யார் துரோகின்னு எதையும் சொல்ல மாட்டேன், தைரியமா படிங்க.

எல்லா ஸ்கேண்டிநேவியன் சீரிஸ்லயும் இந்தக் குழப்பம் கிடையாது. ஹென்னிங் மேன்கெல்லோட வாலண்டர் கதைகள்ல ஒவ்வொரு கேஸும் அந்தந்தப் புக்குலயே முடிஞ்சுடும், நடுவுல ஒண்ண எடுத்துப் படிச்சாலும் பெரிய நஷ்டமில்ல. ஸ்டீக் லார்சன் எழுதின மூணும் நேரா போகும், ரெண்டாவது முடியற எடத்துலயே மூணாவது தொடங்கும், அங்க யோசிக்கவே வேண்டாம். ஹாரி ஹோல்தான் ரெண்டுங்கெட்டான். ஒவ்வொரு புக்குலயும் ஒரு கேஸ் தனியா வந்து தனியா முடியும், அதனால எங்க வேணா நுழையலாம்போல இருக்கும், ஆனா அந்தக் கேஸுக்கு அடியில ஹாரியோட காதல், குடி, அவன் இழந்தவங்க, அவன் வேலை பாக்கற ஆஸ்லோ போலீஸுக்குள்ளயே இருக்கற ஒரு அழுகல், இது எல்லாம் புக்கு விட்டு புக்கு நீண்டுகிட்டே போகும்.

போதாததுக்கு இங்கிலீஷ்ல இது வந்த வரிசையே தாறுமாறு. 2005ல முதல்ல வந்தது அஞ்சாவது புக்கு 'தி டெவில்ஸ் ஸ்டார்'. 2006ல மூணாவது. 2008ல நாலாவது. ஒண்ணாவது புக்கு 'தி பேட்' இங்கிலீஷுக்கு வந்தது 2012ல, ரெண்டாவது 'காக்ரோச்சஸ்' 2013ல, அதுக்குள்ள உலகமே 'தி ஸ்னோமேன்' படிச்சு முடிச்சாச்சு. அதனால லைப்ரரி அலமாரியிலயும் பழைய புத்தகக் கடையிலயும் எந்த நம்பர் முதல்ல கைக்கு வரும்னு சொல்லவே முடியாது.

## எதையெல்லாம் வெச்சுப் பாக்கணும்

நான் பாக்கறது நாலு விஷயம்.

ஒண்ணு, பின்னால படிக்கப்போற புக்குகள்ல எத்தன சஸ்பென்ஸ் கெட்டுப்போகும். இதுதான் எல்லாத்தவிட பெருசு, ஏன்னா போன சஸ்பென்ஸத் திருப்பி வாங்க முடியாது.

ரெண்டு, ஹாரிங்கற மனுஷன் எவ்வளவு சீக்கிரம் நமக்குள்ள வர்றான். இந்த சீரிஸ்ல கொலகாரன் யாருங்கறதவிட ஹாரிக்கு என்ன ஆகுமோங்கற பயம்தான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்கார வைக்குது.

மூணு, முதல் நூறு பக்கத்தத் தாண்ட எவ்வளவு பொறுமை வேணும். வேலைக்குப் போயிட்டு வந்து அர மணி நேரம் படிக்கறவருக்கும் லீவுல மொத்தமா உக்காந்து படிக்கறவருக்கும் இது ஒண்ணு இல்ல.

நாலு, ஒரு புக்கு எடுத்தா அது எத்தன புக்குல கொண்டுபோய் விடும். காசும் நேரமும் ரெண்டும் இதுல அடக்கம்.

| எங்க ஆரம்பிக்கறது | சஸ்பென்ஸ் நஷ்டம் | ஹாரி மனசுல பதியறது | பொறுமை | எத்தன புக்குல இழுக்கும் |
|---|---|---|---|---|
| தி பேட் (1) | இல்ல | பாதி ஹாரி | நடுவுல கொஞ்சம் வேணும் | ஆஸ்லோ வர்றதுக்கே மூணாவது வரைக்கும் போகணும் |
| தி ரெட்பிரெஸ்ட் (3) | ரொம்பக் கம்மி | முழுசா | நிறைய வேணும் | கண்டிப்பா மூணு |
| தி டெவில்ஸ் ஸ்டார் (5) | ரொம்ப அதிகம் | ஒடஞ்சுபோன ஹாரி, ஏன்னு தெரியாது | தேவையில்ல | பின்னாடி போனா ருசி குறையும் |
| தி ஸ்னோமேன் (7) | நடுத்தரம் | ஓரளவு | தேவையே இல்ல | ஒண்ணோட நிறுத்தலாம் |

## தி பேட்: வரிசைப்படி போறவங்களுக்கு

சிட்னில ஒரு நார்வே பொண்ணு கொலையாயிடுது, ஆஸ்திரேலிய போலீஸோட சேர்ந்து விசாரிக்க ஹாரிய அனுப்பறாங்க. அங்க அவனுக்குத் துணையா வர்றது ஆண்ட்ரூ கென்சிங்டன்னு ஒரு பூர்வகுடி டிடெக்டிவ். நெஸ்போ அப்ப புத்தகம் எழுதற ஆளே இல்ல, பங்குச்சந்தைல வேலை, சாயந்திரம் பேண்ட்ல பாட்டு, ரெண்டுலயும் களைச்சுப்போய் லீவு போட்டு ஆஸ்திரேலியா கிளம்பினவரு அந்தப் பயணத்துல எழுதினதுதான் இது. முதல் நாவலுக்கே நார்வேல க்ரைம் எழுத்துக்கான ரிவர்ட்டன் பரிசு, அடுத்த வருஷம் 1998ல நார்டிக் நாடுகளுக்குப் பொதுவான கிளாஸ் கீ விருது.

இதுல லாபம் என்னன்னா, ஹாரியோட பழைய காயம் இங்கதான் இருக்கு. அவன் குடி, ஒரு கார் விபத்து, அத டிபார்ட்மென்ட் எப்படி மூடி மறைச்சது, இத ஹாரியே வாயத் தொறந்து சொல்ற பக்கங்கள் இந்தப் புக்குலதான் வருது, பின்னால வர்ற புக்குகள்ல அது தெரிஞ்சதாவே எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க.

நஷ்டம்னா, ஆஸ்லோ இல்ல. பனி இல்ல, ஹாரி தினம் போய் உக்கார்ற ஷ்ரோடர் பார் இல்ல, அவன் காதலி ராக்கேல் இல்ல. ஸ்கேண்டிநேவியன் க்ரைம்னு ஆசைப்பட்டு வந்தவருக்கு சிட்னியோட கிங்ஸ் கிராஸ் தெருவும் வெயிலும்தான் கிடைக்கும். ஆண்ட்ரூ சொல்ற பூர்வகுடிக் கதைகள் அழகா இருக்கும், ஆனா விசாரணை நின்னு நின்னு போகும். அடுத்தது 'காக்ரோச்சஸ்', அது பேங்காக், நார்வே தூதர் ஒருத்தர் அங்க ஒரு மோட்டல்ல செத்துக் கிடக்கறாரு, வெளிய தெரியாம முடிக்கணும்னு ஹாரிய அனுப்பறாங்க. ஆக ரெண்டு புக்கும் சேர்த்து எழுநூறு பக்கத்துக்கு மேல படிச்சப்புறம்தான் ஊருக்கே வர்றோம். இங்கதான் கண்ணுக்குத் தெரியாத செலவு: முதல் புக்க முடிச்சுட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு மூடி வெச்சவங்கள எனக்குத் தெரியும், அவங்க மூணாவதுக்கு வரவே இல்ல. அது எனக்கு நெஜமாவே வருத்தம்.

எடுத்தா வரிசையாத்தான் எடுப்பேன், ஒண்ணு விட்டாலும் மனசு ஒப்பாதுங்கறவங்க, 13லயும் இறங்கப்போறது உறுதின்னு தெரிஞ்சவங்க, தாராளமா இங்க ஆரம்பிங்க. மத்தவங்களுக்கு இது முதல் புக்கு இல்ல.

## தி ரெட்பிரெஸ்ட்: ஆஸ்லோ இங்கதான் தொடங்குது

2000ல வந்தது. ஆரம்பமே 1999 நவம்பர் 1, ஆஸ்லோவுல ஒரு டோல்கேட். அமெரிக்க அதிபர் ஊருக்கு வர்றாரு, கான்வாய் வர்ற வழிய ஹாரியும் அவன் கூட வேலை பாக்கற எல்லனும் காருக்குள்ள உக்காந்து காவல் பாக்கறாங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்காது, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பாங்க, ஹாரி ஸ்டியரிங்ல தாளம் போட்டுக்கிட்டு இருப்பான். திடீர்னு டோல் பூத் ஒண்ணுக்குள்ள ஒரு ஆள் தெரியறான், கையில துப்பாக்கி, அவன் நம்ம ஆளா இல்லையான்னு வயர்லெஸ்ல பதில் வரமாட்டேங்குது, கான்வாய் நெருங்கிட்டு இருக்கு. முடிவெடுக்க ஹாரிக்கு சில செகண்டுதான். அவன் என்ன செஞ்சான்ங்கறதவிட அதுக்கப்புறம் மேலிடம் அத மறைக்க என்ன செஞ்சதுங்கறதுதான் கதையோட வாசல், தண்டன குடுக்க வேண்டிய எடத்துல பதவி உயர்வு குடுத்து அவன உளவுப் பிரிவுக்கு ஓரமா தள்ளிடுவாங்க.

அங்க உக்காந்திருக்கும்போது ஒரு சின்னத் தகவல் வருது, ஒரு அபூர்வமான ஜெர்மன் ரைஃபிள் நாட்டுக்குள்ள கடத்தப்பட்டிருக்கு. கூடவே இன்னொரு கதை ஓடும், ரெண்டாம் உலகப் போர், லெனின்கிராட் பக்கத்துல பதுங்குகுழில கிடக்கற நார்வே பசங்க, ஜெர்மனிக்காக சண்ட போடப் போனவங்க. போர் முடிஞ்சப்புறம் இவங்கள நார்வே துரோகின்னு சொல்லி ஜெயில்ல போட்டுச்சு. நெஸ்போவோட சொந்த அப்பாவே அந்தப் பக்கம் நின்னு லெனின்கிராட் கிட்ட சண்ட போட்டவரு, இத நெஸ்போவே வெளிப்படையா சொல்லியிருக்காரு. அந்தப் பதுங்குகுழிப் பக்கங்கள்ல இருக்கற குளிரும் பசியும் பயமும் வேற எந்த ஹாரி ஹோல் புக்குலயும் இந்த அளவுக்கு வராததுக்கு அது ஒரு காரணம்னு நான் நினைக்கறேன். நாடே பேசக் கூச்சப்பட்ட ஒரு விஷயத்த ஒரு த்ரில்லருக்குள்ள வெச்சு, யாரையும் சுலபமா நல்லவன் கெட்டவன்னு பிரிக்காம எழுதியிருக்காரு.

இந்த வழியோட பெரிய லாபத்துக்கு வர்றேன். இந்தப் புக்குல ஒரு கட்டத்துல நமக்கு ஒரு உண்மை தெரிஞ்சுடும், ஹாரிக்குத் தெரியாது. சாதாரணமா கடைசி அத்தியாயத்துல அவனுக்கும் தெரிஞ்சுடும்னு எதிர்பாப்போம். தெரியாது. அடுத்த புக்கு 'நெமசிஸ்' முழுக்க நாம அந்த உண்மைய மனசுல வெச்சுக்கிட்டே படிக்கறோம், ஹாரி ஒரு குறிப்பிட்ட ஆள்கூட சாதாரணமா பேசிட்டு நிப்பான், நமக்கு வயித்தக் கலக்கும். அஞ்சாவது புக்குலதான் அது வெடிக்கும். இந்த சீரிஸோட உண்மையான சஸ்பென்ஸ் இதுதான்னு நான் உறுதியா சொல்வேன், ஒரு புக்குக்குள்ள இருக்கற திருப்பம் இல்ல, மூணு புக்கு நீளத்துக்கு மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கறது. வரிசை மாறினா போறது இதுதான்.

இன்னொண்ணும் சொல்லணும். புக்கோட நடுவுல ஹாரி ஒரு ஆன்சரிங் மெஷின்கிட்ட பேசற சில பக்கங்கள் வரும், வெறும் அவன் குரல் மட்டும். யாரோட மெஷின், ஏன் பேசறான்னு நான் சொல்லப்போறதில்ல. அந்தப் பக்கங்கள முன்கூட்டியே எதுவும் தெரியாம படிக்கறதுக்காக மட்டுமே இங்க ஆரம்பிக்கலாம்.

சரி, நஷ்டம் என்ன. பொறுமை வேணும், நிறையவே வேணும். புக்கு பெருசு, கதை 1940களுக்கும் 1999-2000க்கும் மாறி மாறித் தாவும், முதல் நூத்தம்பது பக்கத்துக்கு ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னே பிடிபடாது. பேருங்க வேற குழப்பும். நான் எல்லாருக்கும் சொல்றது, குட்பிராண்ட், டேனியல், சிண்ட்ரே, எட்வர்ட், ஹால்கிரிம் இந்த அஞ்சு பேரையும் ஒரு துண்டுத்தாள்ல எழுதி அதையே புக்மார்க்கா வெச்சுக்கங்க, அத்தியாயத்துத் தலைல இருக்கற ஊரையும் தேதியையும் தாண்டிப் போகாம படிங்க. இத ரெண்டும் செஞ்சா பாதி சிரமம் போயிடும். தேதிய விட்டுட்டுப் படிச்சவங்கதான் "ஒண்ணும் புரியல"ன்னு நிறுத்தறவங்க.

மறைஞ்சிருக்கற செலவு: கேஸ் முடிஞ்சுடும், ஆனா மேல சொன்ன அந்த விஷயம் முடியாது. ஒரு புக்குதானேன்னு எடுத்தா 'நெமசிஸ்', 'தி டெவில்ஸ் ஸ்டார்' ரெண்டும் சேர்த்து மூணா ஆயிடும். இந்த மூணையும் ஆஸ்லோ ட்ரைலஜின்னே சொல்றாங்க. ஹாரிய முதல் ரெண்டு புக்குல பாக்காததால அவனோட பழைய விபத்துக் கதை கொஞ்சம் மங்கலா இருக்கும், ஆனா அது இல்லாம தடுமாற மாட்டீங்க, தேவையான அளவுக்கு இங்கயே தெரிஞ்சுடும்.

## தி டெவில்ஸ் ஸ்டார்: பழைய புத்தகக் கடைல முதல்ல சிக்கறது

இங்கிலீஷ்ல முதல்ல வந்ததால பழைய பிரதிகள் நிறைய சுத்துது. ஆரம்பம் அட்டகாசம். ஆஸ்லோவுல வெயில் கொளுத்துது, ஊரு பாதி லீவுக்குப் போயிருக்கு, ஒரு பழைய கட்டடத்துல மேல் வீட்டுல இருந்து தண்ணி மெதுவா சரிஞ்ச தரை வழியா ஓடி, பலகை இடுக்குல எறங்கி, கீழ் வீட்டு அடுப்புல உருளக்கெழங்கு வேகற பாத்திரத்துக்குள்ள சொட்டு சொட்டா விழுது. கூடவே கருப்பா ஏதோ கட்டி கட்டியா. மேல போய்ப் பாத்தா கொலை. வேகம்னு பாத்தா நாலுலயும் இது பின்தங்கினது இல்ல.

ஆனா இங்க ஆரம்பிக்காதீங்க. 'தி ரெட்பிரெஸ்ட்'ல நாம பதைபதைச்சுப் பாத்த விஷயம் இங்க ஒரு பழைய தகவலா உங்க கைல குடுக்கப்படும். ஹாரி ஏன் இப்படிக் குடிச்சு அழிஞ்சுகிட்டு இருக்கான், ஏன் அந்த ஒரு ஆள் மேல இவ்வளவு வெறின்னு நமக்கு சொல்லப்படும், ஆனா நாம கூட இருந்து பட்டிருக்க மாட்டோம். அதுக்கப்புறம் மூணாவதுக்குத் திரும்பிப் போனா, எல்லன் வாயத் தொறக்கற ஒவ்வொரு எடத்துலயும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்ச ஒண்ணு குறுக்க வந்து நிக்கும். மலிவா கிடைச்சா வாங்கி அலமாரில வைங்க, மூணாவதா எடுங்க.

## தி ஸ்னோமேன்: ஒரே ஒரு புக்கு போதும்ங்கறவங்களுக்கு

2007ல நார்வேல, 2010ல இங்கிலீஷ்ல. நெஸ்போ பேரு உலகம் பூரா பரவினதுக்கு இதுக்குப் பெரிய பங்கு உண்டு, அது நியாயம்தான். முதல் பனி விழற ராத்திரி, ஜோனஸ்னு ஒரு சின்னப் பையன் தூக்கத்துல எழுந்திருக்கறான், அம்மாவக் காணோம், தரைல ஈரக் கால்தடம், ஜன்னல் வழியா பாத்தா தோட்டத்துல யாரும் செய்யாத ஒரு பனிமனிதன் வீட்டப் பாத்து நிக்குது, அது கழுத்துல அவன் அம்மாவுக்கு வாங்கிக் குடுத்த பிங்க் ஸ்கார்ஃப். இதுக்கு மேல பயமுறுத்த ரத்தமே தேவையில்ல. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு ஆளக் கை காட்டும், அடுத்தது அத கலைச்சுப் போடும், கீழ வைக்க முடியாது. பெர்கன்ல இருந்து வர்ற கத்ரீனே பிராட்டுங்கற புது டிடெக்டிவ் இதுலதான் நுழையறா, அதனால புதுசா வர்ற வாசகருக்குக் கூட ஒரு துணை மாதிரி.

மத்த புக்குகள் எதுவும் தெரியாமலே கதை முழுசா புரியும். ஆனா நஷ்டம் இருக்கு. ராக்கேலும் ஹாரியும் இதுல பிரிஞ்சுதான் இருக்காங்க, அவங்க எப்படி சேர்ந்தாங்கங்கறது ரெட்பிரெஸ்ட்ல அவ்வளவு மெதுவா அழகா வருது, இங்க ஆரம்பிச்சா அதோட முடிவு முதல்லயே தெரிஞ்சுடும். பழைய கேஸ்கள், பழைய ஆளுங்க பத்தி அங்கங்க விழற ஒத்த வரிகளும் உண்டு. இதவிட முக்கியமானது, ராக்கேலும் அவ பையன் ஓலேகும் ஹாரிக்கு யாருன்னு மூணாவது புக்குல இருந்தே தெரிஞ்சவங்களுக்கு இதோட கடைசி அம்பது பக்கம் படற பாடு வேற, புதுசா வர்றவங்களுக்கு அது ஒரு நல்ல க்ளைமாக்ஸ், அவ்வளவுதான்.

வன்முறை கொஞ்சம் கடுமை. 2017ல மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடிச்சு வந்த படத்தப் பாத்துட்டு புக்க ஒதுக்கியிருந்தீங்கன்னா தயவு செஞ்சு மனச மாத்திக்கங்க, ஸ்க்ரிப்ட்ல பத்து பதினஞ்சு சதவீதம் ஷூட்டே பண்ண முடியலன்னு டைரக்டர் தாமஸ் ஆல்ஃப்ரெட்சனே சொன்னாரு, படம் துண்டு துண்டா தெரியறதுக்குக் காரணம் அது, கதை இல்ல.

ஒரு ரயில் பயணத்துக்கு ஒண்ணு வேணும், க்ரைம் நாவலே எனக்குப் பிடிக்குமான்னு பாக்கணும், சீரிஸ்லாம் நமக்கு ஒத்துவராதுங்கறவங்களுக்கு இதவிட நல்ல புக்கு நாலுல இல்ல.

## நான் யாருக்கு எத சொல்வேன்

மூணு புக்கு படிக்க மனசு இருந்தா 'தி ரெட்பிரெஸ்ட்', 'நெமசிஸ்', 'தி டெவில்ஸ் ஸ்டார்', இந்த வரிசை, இதுல மாத்தமே இல்ல. மூணும் முடிஞ்சு ஹாரிய விட முடியலன்னா அப்ப 'தி பேட்'டும் 'காக்ரோச்சஸு'ம் எடுங்க, அப்ப அந்த இளவயசு ஹாரி மேல தனி அன்பு வந்திருக்கும், சிட்னில கதை நின்னு நின்னு போறதும் உறுத்தாது. அதுக்கப்புறம் 'தி ரிடீமர்', அப்புறம் 'தி ஸ்னோமேன்'.

நீங்க எங்க ஆரம்பிச்சாலும் சரி, சில எடத்துல மட்டும் கை வைக்காதீங்க. எட்டாவது 'தி லெப்பர்ட்' ஏழாவதுக்கு முன்னாடி படிக்கவே கூடாது, ஸ்னோமேன் யாருங்கறது அதுல வெட்டவெளிச்சமா இருக்கு. ரத்தம் தாங்காதவங்க லெப்பர்டோட முதல் அத்தியாயத்துலயே யோசிச்சு முடிவெடுங்க, சீரிஸ்லயே கொடூரமான புக்கு அது. ஒம்பதாவது 'ஃபேண்டம்' முடியற எடம் ரொம்ப மோசமான எடம், பத்தாவது 'போலீஸ்' கைல இல்லாம அதோட கடைசி நூறு பக்கத்த ஆரம்பிக்காதீங்க. 'போலீஸ்', 'நைஃப்' ரெண்டோட பின்னட்டைய படிக்காம நேரா உள்ள போங்க. 'நைஃப்' 12வது, அத முன்னாடி இழுத்துப் படிச்சா மொத்த சீரிஸுக்கும் சேதம்.

ஏற்கனவே 'தி ஸ்னோமேன்' வாங்கி வெச்சுட்டு இதப் படிக்கறீங்கன்னா, பரவால்ல, அதையே படிங்க, ஆசையா வாங்கினத ஓரமா வைக்க வேண்டாம். பிடிச்சிருந்தா கை தானா எட்டாவதுக்குப் போகும், அத விட்டுட்டு மூணாவதுக்குத் திரும்புங்க. ராக்கேல் விஷயம் தெரிஞ்சுபோயிருக்கும், ஆனா எல்லனும் அந்த ஆன்சரிங் மெஷினும் இன்னும் உங்களுக்குப் புதுசுதான்.